கிற்றாரில் ஓர் இறால்

எங்கள் தொழிலாளர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. மலர் என்றால் வாழ்த்துச் செய்திகள் இருக்க வேண்டும், அவற்றுக்குப் படம் இருக்க வேண்டும், படத்தில் இருப்பவர் சிரிக்காமல் இருக்க வேண்டும். எனக்கும் அப்படி ஒன்று எழுத விருப்பம்தான். ஆனால் மலர் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு திரியும் நிமலன் வீட்டுக்கே வந்து தடுத்துவிட்டான்.

"அண்ணை, வாழ்த்துச் செய்தி பதினாலு வந்திட்டுது. பதினாலும் ஒரே மாதிரிக் கிடக்கு. நீங்கள் அந்தக் கிற்றார்க் கதையை எழுதித் தாங்கோ."

நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த மாங்குளத்து வாகனக் கராச்சில், நான் நின்ற அதே இடத்தில்தான் இப்போது நிமலன் ஸ்ரிக்கர் மெசினோடு நிற்கிறான். ஓட்டோவுக்கு என்ன படம் கேட்டாலும் கொம்பியூட்டரில் எடுத்து, அச்சடித்து, ஒட்டி, சூடு காட்டி, ஒரு மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுவான். அதைப் பார்த்து நான் பெருமூச்சு விடுவேன் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். விடமாட்டேன். முப்பத்தெட்டு வருடம் பெயின்ற் அடித்து, அதைக் கரைக்கிற தினர் மணத்தைச் சுவாசித்தவன் நான். மல்லிகைப்பூவை முகர்ந்தாலும் எனக்குத் தினர்தான் மணக்கிறது. ஸ்ரிக்கர் வந்தது மிக நல்ல விஷயம்.

எழுதுவதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டேன். மரியதாஸ் தலையை மட்டும் ஆட்டினார். அவர் மனைவி ஜெசிந்தா, "எழுதுங்கோ அண்ணை, ஆனா என்னைக் கொஞ்சம் மெல்லிசா எழுதுங்கோ" என்றார். அதனால் ஜெசிந்தா மெல்லிய பெண் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தொழில் பழகிய கதை நீளமில்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசுவமடுவில் காணி எடுத்து நெல் விதைத்தவர். எனக்குச் சேற்றில் கால் வைத்தால் சொறியும். வவுனியாவில் ஒரு கராச்சில் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் கழுவினேன், இரண்டாம் வருடம் தேய்த்தேன், மூன்றாம் வருடம் ஸ்பிறே பிடிக்க விட்டார்கள். பிறகு இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், மறுபடி இடம்பெயர்ந்தோம். போன இடங்களில் சைக்கிளுக்கும் பெயர்ப்பலகைக்கும் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். சண்டை எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபோது, ஏ ஒன்பது வீதியோரம் மாங்குளத்தில் ஒரு கராச் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கே முதலாளியின் கதிரையில் ரீச்சர் இருந்தா.

ரீச்சர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவா. கராச் அவாவின் தம்பியுடையது. தம்பி பிள்ளைகளிடம் வெளிநாடு போகும்போது கராச் பூட்டின் திறப்பை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரீச்சருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டா. "இது ஏன் புகைக்குது? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்" என்று மெக்கானிக்கைக் கேட்பா. விளங்கப்படுத்த முடியாமல் முழித்த இரண்டு மெக்கானிக்மார், அப்படி முழித்ததாலேயே பிழையைக் கண்டுபிடித்ததும் உண்டு.

பெயின்ற் விஷயத்தில் அவாவின் முறை வேறு. வேலை முடிந்த வாகனத்தை வெயிலுக்குத் தள்ளச் சொல்லுவா. மூன்று தரம் சுற்றுவா. முதல் சுற்று பத்தடி தள்ளி நின்று. இரண்டாம் சுற்று கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டவாக. மூன்றாம் சுற்று கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி, விரல்களின் புறத்தால் தடவிக்கொண்டு. பிழை இருக்கும் இடத்தில் வெண்கட்டியால் ஒரு வட்டம் போடுவா. கடைசியில் வாகனத்தின் முன்கண்ணாடியில் புள்ளி எழுதுவா, நூற்றுக்கு இத்தனை என்று. நான் எடுத்த ஆகக் கூடிய புள்ளி எழுபத்தெட்டு.

"மிச்சம் இருபத்திரண்டும் எங்க ரீச்சர்?"

"உம்மட அடுத்த வாகனத்தில இருக்கு."

சேர்ந்து மூன்று மாதத்தில் ஒரு வெள்ளை வான் வந்தது. வாடகைக்கு ஹயர் ஓடுகிற வான். கதவின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு துரு தின்று ஓட்டையாகியிருந்தது. தகடு வெட்டி ஒட்டினால் இரண்டு நாள் போகும். நான் பள்ளம் நிரப்பும் பட்டியை அப்பி, தேய்த்து, மேலே வெள்ளை அடித்துவிட்டேன். கண்ணாலும் தெரியாது, கையாலும் தெரியாது. ரீச்சர் மூன்று சுற்றும் முடித்துவிட்டு, கைப்பையிலிருந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கிற மாம்பழக் காந்தம் ஒன்றை எடுத்தா. கதவு முழுக்க ஒட்டிய மாம்பழம் அந்த இடத்தில் மட்டும் வழுக்கி விழுந்தது.

என்னை ஏசவில்லை. வான்காரரைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டு, என் கையில் உளியைத் தந்தா. "சிவலிங்கம், அடியில இருக்கிறதை இவருக்குக் காட்டும்." காட்டினேன். அன்று பின்னேரம் கராச் சுவரில் என்னைக் கொண்டே எழுதுவித்தா: அடியில் கண்டதைச் சொந்தக்காரருக்குக் காட்டாமல் மேலே பூசக்கூடாது. நல்ல சிவப்பில், ஒரு முழ எழுத்தில் எழுதினேன். வருகிறவர்கள் எல்லாம் எழுத்து வடிவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அது தண்டனை என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

என் கலைத்திறமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீளமயிர்ப் பிரஷ்ஷால் மெல்லிய கோடு இழுக்க என்னை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் உயிருள்ள எதையும் படமாகக் கீறினால் கை வேறு பக்கம் போய்விடும். முல்லைத்தீவிலிருந்து வந்த ஓட்டோக்காரர் ஒருவர் பின்பக்கத்தில் கழுகு கேட்டார். கீறினேன். சிறகு விரித்து, நகம் நீட்டி, கண் சிவந்து, ஒரு கோழி வந்தது. அவர் சண்டைக்கு வந்தார். ஒரு மாதத்தில் திரும்பவும் வந்தார், நான் கழுகாக்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், வேண்டாம்! சனம் எல்லாம் கோழி ஓட்டோவைக் கூப்பிடு எண்டுதான் சொல்லுது. ஹயர் கூடிப்போச்சு" என்று ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

அந்தக் கோழிதான் எனக்கு ஜெசிந்தாவைக் கொண்டுவந்தது. ஓட்டோக்காரர் அவவின் தம்பி முறை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு சனிக்கிழமை. முல்லைத்தீவு பஸ்ஸிலிருந்து, கட்டில் விரிப்பால் சுற்றிய நீளமான சாமான் ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா இறங்கினா.

"அண்ணை, கோழி கீறினது நீங்களோ?"

"அது கழுகு தங்கச்சி."

"ஓம், ஓம். எனக்கு ஒரு இறால் கீற வேணும்."

விரிப்பை அவிழ்த்தா. உள்ளே ஒரு மின்கிற்றார். இரண்டு கொம்பு வைத்த உடம்பு முழுக்கப் படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ற், அதுவும் பிரஷ்ஷால். பெயின்றுக்குள்ளே பிரஷ் மயிர் இரண்டும் சிறகோடு ஒரு நுளம்பும் புதைந்திருந்தன. கணவர் மரியதாஸ் கடற்தொழிலாளி. இளந்தாரியாக இருந்தபோது கோயில் திருநாட்களிலும் கலியாண வீடுகளிலும் இசைக்குழுவில் வாசித்தவர். இடப்பெயர்வில் வீடு, வள்ளம், வலை எல்லாம் போய்விட்டன. கிற்றார் மட்டும் வவுனியாவில் அவர் தமையன் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்து தப்பியது. இப்போது அதைத் தொடுவதே இல்லை. நாற்பது நாளில், கிட்டத்தட்ட ஆறு கிழமையில், அவர்களுக்குக் கலியாணமாகி முப்பத்தைந்து வருடம். அன்றைக்குப் புதுசாக்கிக் கையில் கொடுக்க வேண்டும். வயர் திருத்தக் கொடுத்திருப்பதாக அவருக்குச் சொல்லியாயிற்று.

"இறால் ஏன் தங்கச்சி? கிற்றாருக்கு ரோசாப்பூ, நெருப்பு, அப்பிடித்தான் கீறுறவை."

"கலியாணப் பேச்சுக்கு வரேக்க ஆக்கள் பிஸ்கற் பெட்டி கொண்டு வருவினம். இவர் ஒரு பை இறாலோட வந்தவர் அண்ணை. ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பையை நீட்டிப்போட்டுக் கதிரையில இருந்திட்டார். பை நிலமெல்லாம் ஒழுகினது. அம்மா அதைப் பாத்து, உழைக்கிற பெடியன் எண்டு ஓம் சொல்லிப்போட்டா."

ரீச்சர் தன் கதிரையிலிருந்தே கேட்டா: "சிவலிங்கம், இறாலின்ர வயித்துப்பகுதி எத்தினை கண்டமாப் பிரிஞ்சிருக்கு?"

"தெரியாது ரீச்சர்."

"ஆறு. ஐஞ்சு கீறினீர் எண்டால் நான் வெளியில விடமாட்டன்."

கடதாசியில் ஒன்று கீறிக் காட்டினேன். மீசையை நீளமாக விட்டு, கிற்றாரின் வளைவோடு வளைத்து, ஒரு மீசை ஒரு கொம்பிலும் மற்றது மற்றக் கொம்பிலும் போய் முடிகிற மாதிரி. மீசை கோடுதானே, கோடு என் கையில் நிற்கும். ஜெசிந்தாவுக்கு மீசை பிடித்துவிட்டது. நிறம் பிடிக்கவில்லை.

"சிவப்பா அடிச்சிருக்கிறியள். இது அவிச்ச இறால் அண்ணை. உயிர் இறாலின்ர நிறம் வேற. பொறுங்கோ, வாற சனி உயிரோட கொண்டுவாறன்."

வேலை தொடங்கினேன். முதலில் நரம்புகளைக் கழற்றினேன். உள்ளே வயர் போகிற ஒழுங்கை ஃபோனில் ஆறு படம் எடுத்துவிட்டு, மின்பாகம் முழுவதையும் பக்கத்து றேடியோக் கடைக்குக் கொடுத்தேன். பின்னாலிருந்த நான்கு ஆணிகளைக் கழற்றக் கழுத்து தனியாக வந்தது. ஆணிகளை வெவ்வேறு மூடிகளில் போட்டு, எது எந்த ஓட்டைக்கு என்று எழுதி வைத்தேன். வாகனத்தில் ஓர் ஆணி மாறினால் சத்தம் போடும். இதில் மாறினால் சுருதி போய்விடும் என்று றேடியோக் கடைக்காரர் பயமுறுத்தியிருந்தார்.

பிறகு சுரண்டல். மரத்துக்கு மருந்து ஊற்றிப் பெயின்றைக் கழற்றக்கூடாது, மரம் குடித்துவிடும். தட்டையான சுரண்டியால் ஓரத்தில் மெல்ல நெம்பினேன். சிவப்பு அப்படியே தோலாக, அவித்த உருளைக்கிழங்கின் தோல் போல உரிந்து வந்தது. அடித்தவர் அடியைத் தேய்க்காமல் அடித்திருக்கிறார், அதனால் பிடிக்கவில்லை. அடியில் பழைய தேன் நிறப் பூச்சும் மரத்தின் ரேகையும் வடிவாக இருந்தன. முன்பக்கம் முடித்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரு கையளவு தோல் உரிந்தபோது, வெள்ளை எழுத்து ஒன்று தெரிந்தது. இன்னும் உரித்தேன்.

றீற்றா.

கையெழுத்துத்தான். வெள்ளைப் பெயின்ற், மெல்லிய பிரஷ், நடுங்கிய கை. முதலில் றீறா என்று எழுதிவிட்டு, நடுவில் விட்டுப்போன எழுத்தைப் பிறகு மேலே சின்னதாகச் செருகியிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பூ.

நான் சுரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். ஜெசிந்தா வந்த அன்று கதையோடு கதையாகச் சொன்ன ஊர்ப்பெண்களின் பெயர்களில் றீற்றா என்று ஒன்று வந்தது எனக்கு நினைவிருந்தது. ரீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ரீச்சர், அரை மணித்தியாலத்தில தேய்ச்சு விட்டிடுவன். ஒருத்தருக்கும் தெரியாது."

ரீச்சர் கண்ணாடியைப் போட்டு எழுத்தைப் பார்த்தா. பிறகு சுவரில் என் சிவப்பு எழுத்தைப் பார்த்தா.

"ரீச்சர், அது துருவுக்கெல்லோ எழுதினது."

"இதுவும் துருதான். மனிசருக்குப் பிடிச்சது."

"முப்பத்தைஞ்சு வருசத்துக் குடும்பம் ரீச்சர்."

"அதுதான் சொல்லுறன். அது அவவின்ர சாமான். எதைப் பூசிறது, எதைப் பூசாமல் விடுறது எண்டு நீரும் நானும் முடிவெடுக்கேலாது. காட்டும்."

சனிக்கிழமை ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வந்தா. கையில் மூடி போட்ட வாளி. வாளிக்குள் கடலோரக் களப்புத் தண்ணீரில் பன்னிரண்டு இறால்கள் உயிரோடு. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறா. கொண்டக்டர் இறால்களுக்கும் ரிக்கற் கேட்டாராம். அந்தப் பகிடியைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நான் கிற்றாரைத் திருப்பிக் காட்டினேன்.

சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, இறங்க மறந்தது போல. பிறகு வாளியை நிலத்தில் வைத்தா.

"றீற்றா எண்டு எங்கட பக்கத்தில ஒராள்தான் அண்ணை. அடுத்த ஒழுங்கையில வீடு. தையல் தைக்கிறவள். போன கிழமையும் அவளோட ஒண்டா இருந்துதான் இறால் உரிச்சனான்."

"பழைய எழுத்துத் தங்கச்சி. கலியாணத்துக்கு முந்தினதாத்தான் இருக்கும்."

"எப்பிடித் தெரியும்?"

பெயின்றைப் பார்த்துப் பழசு என்று சொல்லலாம், எந்த வருடம் என்று சொல்ல முடியாது. ஜெசிந்தா விரலால் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. "நிப்பாட்டி வையுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டா. வாளியை விட்டுவிட்டுப் போய்விட்டா.

பன்னிரண்டு இறால்களும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ரீச்சர், "சாகிறதுக்குள்ள கீறும்" என்றா. கண்ணாடிப் போத்தலில் ஒன்றை விட்டு, மத்தியானம்வரை கீறினேன். உயிர் இறால் சிவப்பே இல்லை. பாசித் தண்ணீருக்குள் வெளிச்சம் விழுந்த மாதிரி ஒரு நிறம், உடம்பினூடாக அந்தப் பக்கம் தெரிகிறது, வாலில் மட்டும் நீலம். கண்டம் எண்ணினேன், ஆறு. ஒரு மனிசி அழாமல் அழுதுகொண்டு விட்டுப்போன இறாலைச் சாப்பிடலாமா என்று கராச்சில் ஒரு விவாதம் நடந்தது. பன்னிரண்டு மணிவரைதான் நடந்தது. பிறகு குழம்பு வைத்தோம்.

அடுத்த சனி ஜெசிந்தா வரவில்லை. ஃபோன் எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. கலியாண நாளுக்கு மூன்று கிழமையும் கொஞ்சமும் இருந்தது. உரித்துப் போட்ட கிற்றார் மேசையில் குப்புறக் கிடந்தது. நான் அதன் மேல் ஒரு துணியைப் போட்டேன். காட்டாமல் விட்டிருந்தால் இந்நேரம் இறாலுக்கு மீசை வைத்திருப்பேன் என்று ரீச்சருக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தேன். ரீச்சர் கேட்காதது போல இருந்தா. ஆனால் அந்தக் கிழமை ஒரு வாகனத்துக்கும் புள்ளி போடவில்லை. அவாவுக்கும் மனம் சரியில்லை என்று அதில் தெரிந்தது.

அதற்கடுத்த சனி முல்லைத்தீவு பஸ்ஸிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஜெசிந்தாவும், அவவை விட உயரமான, நரைத்த கொண்டை போட்ட இன்னொருவரும்.

"இவதான் றீற்றா" என்றா ஜெசிந்தா.

நான் எழும்பி நின்றேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. றீற்றா நேரே மேசைக்குப் போய், துணியை விலக்கி, குனிந்து பார்த்தா. நீண்ட நேரம் பார்த்தா.

"அட, என்ர பெயரைக்கூடச் சரியா எழுதத் தெரியேல்லையே இந்த மனிசனுக்கு!"

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர், கண்ணீர் வருமட்டும்.

"எனக்கு இப்பதான் தெரியும் அண்ணை" என்றா றீற்றா. "சைக்கிளில எங்கட ஒழுங்கையால ஆயிரம் தரம் போயிருப்பார். பெல் அடிப்பார். நாங்கள் நினைச்சது சைக்கிளுக்குப் பிறேக் இல்லையாக்கும் எண்டு. ஒருநாளும் வாய் திறக்கேல்லை. நான் மன்னாருக்குக் கலியாணம் முடிச்சுப் போய், மனிசனும் செத்துப்போகத் திரும்பி வந்திட்டன். இவர் இப்பவும் என்னைக் கண்டால், 'மழை வரும் போல' எண்டுதான் சொல்லுவார்."

"என்னோடயும் முதல் ஆறு மாசம் மழையைப் பற்றித்தான் கதைச்சவர்" என்றா ஜெசிந்தா.

ரீச்சர் தேத்தண்ணி எடுப்பித்தா. சிரிப்பு அடங்கியதும் ஜெசிந்தா கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"மூண்டு நாள் அவருக்கு வெறும் சம்பலும் சோறும்தான் குடுத்தனான். ஏனெண்டு கேக்காமல் சாப்பிட்டார். பேந்து யோசிச்சுப் பாத்தன். எனக்குக் கோவம் இவளின்ர பெயரை எழுதினதுக்கில்லை அண்ணை. முப்பத்தைஞ்சு வருசத்தில எனக்கு ஒரு இடத்திலயும் ஒண்டும் எழுதேல்லையே."

வீதியில் ஒரு லொறி போய் முடிந்தது. நான் எனக்குத் தெரிந்த உதவியைச் செய்யப் பார்த்தேன்.

"முன்னுக்கு உங்கட பெயரைப் போட்டுவிடட்டோ தங்கச்சி? தங்க நிறத்தில, வடிவா?"

"நீங்கள் எழுதினால் அது உங்கட எழுத்து. எனக்கு என்னத்துக்கு?"

றீற்றா கிற்றாரின் மேல் மெதுவாகக் கையை வைத்தா. "இதைத் தேய்க்கச் சொல்லு ஜெசிந்தா. உன்ர சாமான்."

ஜெசிந்தா யோசித்தா. "உன்ர பெயரை வேற ஆரும் எங்கையும் எழுதி வைச்சிருக்கினமோ?"

"அரிசி வாங்கிற சங்கக் கடைக் கூப்பன் மட்டையில."

"அப்ப கிடக்கட்டும்" என்றா ஜெசிந்தா. "பின்பக்கம் உனக்கு. முன்பக்கம் என்ர இறால். அண்ணை, அந்த எழுத்துக்கு ஒண்டும் ஆகக்கூடாது."

அந்த ஒரு பெயரைக் காப்பாற்றியதுதான் என் தொழில் வாழ்க்கையிலேயே கடினமான வேலை. மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சை நாங்கள் கிளியர் என்போம். அதில் தினர் இருக்கிறது. பழைய வெள்ளைப் பெயின்றில் தினர் ஈரமாகப் பட்டால் பால் ஆடை போலச் சுருங்கிவிடும். அதே மாதிரிப் பழைய பெயின்ற் இருந்த ஒரு கைவிட்ட பெயர்ப்பலகையைத் தேடி எடுத்து, முதலில் அதில் அடித்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் எழுத்து சுருண்டு, பலகையில் கடைப்பெயர் போய்த் தழும்பு மட்டும் நின்றது. இரண்டாவது பலகையில் தள்ளி நின்று, காற்றைக் கூட்டி, பூச்சைக் குறைத்து, தூசு போல விசிறினேன். காய்ந்தே போய் விழ வேண்டும். ஒரு மணித்தியாலம் விட்டு இன்னொரு விசிறல். அப்படி ஆறு. ஏழாவதுதான் ஈரமாக அடித்தேன். எழுத்து நின்றது.

கிற்றாரில் அதைச் செய்த அன்று கராச்சில் ஒருவரையும் நடக்க விடவில்லை, தூசு எழும்பும் என்று. ரீச்சர் கூடக் கதிரையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தா. பூவும் எழுத்தும், மேலே செருகிய குட்டி எழுத்தும், ஒன்றும் அசையவில்லை.

முன்பக்கத்துக்குக் களப்பின் பச்சையை அடியில் கொடுத்து, இறாலை மெல்லிய மெல்லிய பூச்சாக ஏற்றினேன், மரத்தின் ரேகை அதன் உடம்பினூடாகத் தெரிகிற மாதிரி. மீசைகளை ஒவ்வொன்றாக, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் இழுத்தேன். இடது மீசை மூன்றாம் தரத்தில்தான் சரிவந்தது. பிறகு கிளியர், ஒரு கிழமை காயவிடல், தண்ணீரில் நனைத்த மணல்தாளால் தேய்ப்பு, மினுக்கல், கடைசியாகக் கழுத்தையும் வயரையும் நரம்புகளையும் திரும்பப் பூட்டல். வாழ்நாளில் நான் கீறிய உயிர்களில், கண்டவர்கள் பெயர் சரியாகச் சொன்னது அந்த இறாலுக்குத்தான்.

கலியாண நாளன்று மத்தியானம் முல்லைத்தீவில் அவர்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுச் சாப்பாடு. ரீச்சரும் நானும் போனோம். மரியதாஸ் நெடிய, கறுத்த, வெட்கம் பிடித்த மனிதர். ஜெசிந்தா கிற்றாரைக் கொண்டுவந்து நீட்டியதும் அவர் இரண்டு கையாலும் வாங்கினார். இறாலைப் பார்த்தார். மீசையின் வழியே விரலை ஓட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக என்னைப் பார்த்தார்.

"பழைய பெயின்றை… முழுக்கக் கழட்டினீங்களோ?"

"முழுக்க" என்றேன்.

"பின்னாலயும்?"

"பின்னாலயும்."

கிற்றாரை மெல்லச் சரித்து, கழுத்தை நீட்டி, பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அந்த முகத்தை எந்த நிறத்தில் அடிப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிமிர்ந்தார். எதிரே மனைவியும் றீற்றாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் உடனே கிற்றாரை வயிற்றோடு அழுத்தி, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வாசித்தார். நல்லாகத்தான் வாசித்தார், விரல்கள் மறக்கவில்லை. ஆனால் வாசித்து முடிந்தும் கழற்றவில்லை. படம் எடுக்கும்போதும் கழற்றவில்லை. சாப்பாட்டு மேசையிலும் கிற்றாரோடே இருந்தார், இறாலின் மேல் சோறு சிந்தாமல் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, கழட்டி வைச்சிட்டுச் சாப்பிடுங்கோவன்" என்றா ஜெசிந்தா.

"இல்லை, இருக்கட்டும்."

"பாரமில்லையோ?" என்று கேட்டா றீற்றா.

மரியதாஸ் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழை வரும் போல" என்றார்.

ரீச்சர் எழும்பிக் கை கழுவுகிற சாட்டில் கொல்லைப்பக்கம் போய்விட்டா. அங்கே அவா சிரித்த சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது.

நான் எழுத வந்தது இவ்வளவுதான் என்றால் இது ஒரு பகிடிக் கதை. ஆனால் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மரியதாஸ் கராச்சுக்கு வந்தார், கட்டில் விரிப்பால் சுற்றிய கிற்றாரோடு. பத்து நிமிடம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"அண்ணை, ஒரு சின்ன பிரஷ்ஷும் கொஞ்ச வெள்ளையும் தருவீங்களோ?"

"என்ன எழுத வேணும், சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்."

"இல்லை. நான்தான் எழுத வேணும்."

இறாலுக்குக் கீழே கொஞ்சம் பச்சை வெறுமையாக இருந்தது. அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்துக் கொடுத்தேன், இந்த முறையாவது பெயின்ற் பிடிக்கட்டும் என்று. பென்சிலால் கோடு போட்டுத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். பத்து மணிக்குக் குனிந்தவர் ஒரு மணிக்குத்தான் நிமிர்ந்தார். மூன்று தரம் துடைத்தார். நாலாம் தரம் ஜெசிந்தா என்று எழுதினார். எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி, வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கின, வள்ளம் ஒன்று கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்குவது போல. எழுதி முடித்தவர் காயும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை.

இருட்டுவதற்கு முன் ஜெசிந்தாவின் ஃபோன் வந்தது.

"அண்ணை, எழுத்தெல்லாம் கோணல்மாணலா இருக்கு."

"கொண்டாங்கோ தங்கச்சி, ஒரு மணித்தியாலத்தில திருத்தி வடிவா எழுதித் தாறன்."

"அதில கை வைச்சுப் பாருங்கோ!" என்றா ஜெசிந்தா.